அந்தக் காகம் நான்தான்

கரூர் சாலையில் ஹாலோபிளாக் கம்பெனி. அதன் பின்னால் கல் காய வைக்கும் களம், தண்ணீர்த் தொட்டி, இரண்டு லாரி, ஒரு டிப்பர். டவுனுக்குள் மாடி வீடு, அந்த மாடிக்கு மேல் இன்னொரு மாடி. பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் என் கல். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே, மழையை நம்பிச் சோளம் விதைக்கிற காட்டு ஊர் ஒன்றில் நாங்கள் பிறந்தோம். அங்கே கீற்றுக் கொட்டகையாக இருந்த சிற்றாலயத்தைச் சுவரும் தளமுமாக நிறுத்தியவன் நான். தங்கச்சிகளை நகை போட்டுக் கட்டிக் கொடுத்தவன் நான். அப்பாவைக் கடைசிவரை கையில் ஏந்திப் பார்த்தவன் நான். அம்மா படுக்கையில் கிடந்தபோது துணி மாற்ற ஆள் வைத்து, ஆள் வராத நாளில் நானே மாற்றினேன்.

இத்தனையும் மூன்றாம் வகுப்புப் படிப்பில். பள்ளிக்கூடத்தை நான் விட்டேன் என்பார்கள். கஞ்சி இல்லாத வீட்டில் பிள்ளை எதை விடுகிறான், எதைப் பிடிக்கிறான்? டவுனுக்கு வந்து சிமெண்டுக் கடையில் மூட்டை தூக்கினேன். மூக்கில் சிமெண்டு, தும்மினால் சிமெண்டு. பிறகு ஒரு கை அச்சை வாங்கிப் போட்டு நானே கல் அடித்தேன். ஹாலோபிளாக் என்பது தண்ணீர் குடிக்கிற தொழில். நான் வாங்கிய இடமோ, எங்கே போர்க்குழாய் போட்டாலும் தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. கூட்டாளி ஓடிவிட்டான். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் டேங்கரில் தண்ணீர் வாங்கிக் கல்லை நனைத்தேன். அந்தக் கல்தான் இன்றைக்குத் திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனையோ வீட்டுச் சுவராக நிற்கிறது. இதை எழுதுவதிலும் பேத்தி எழுத்துப் பிழையைத்தான் திருத்தினாள். சொல் முழுக்க என்னுடையது.

எனக்கு ஒரு தம்பி. அவன் ஒன்றும் கட்டவில்லை. வீடு கட்டவில்லை, கல்யாணமும் கட்டவில்லை. அறுபது தாண்டிய ஒற்றையாள். சாமியாராகவும் போகவில்லை, அங்கியும் கிடையாது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, பாதி நாள் மக்கர் பண்ணுகிற ஒரு மொபெட். எங்கள் ஊரைச் சுற்றிய பட்டிகளுக்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் பூசை வைக்க வருவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டில் போய் உட்காருவது எல்லாம் இவன். உபதேசியார் என்று கூப்பிடுவார்கள். சிற்றாலயத்தை ஒட்டின அறையில் பாய் போட்டுப் படுக்கிறான். அந்த அறையும் என் கல்.

அவனுக்குப் பெண் பார்த்தவன் நான்தான். சித்தையன்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்பு உள்ள குடும்பம். நம் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவனும் கூட வந்து பெண்ணைப் பார்த்தான், கொடுத்த காப்பியைக் குடித்தான், தலையை ஆட்டினான். பூ வைக்கிற நாள் காலையில், குளித்து முடித்து ஈரத் தலையும் கையில் சாப்பாட்டுத் தட்டுமாக வந்து நிற்கிறான்.

“அண்ணே, எனக்கு இது வேணாம்ணே.”

“எது வேணாம்? பொண்ணு வேணாமா, தோப்பு வேணாமா?”

“ரெண்டும் வேணாம்ணே. நான் இப்பிடியே இருந்துக்கிறேன்.”

“இப்பிடியேன்னா? யாருக்குடா இருப்ப?”

“ஆண்டவருக்குண்ணே.”

“அப்ப அவரு வீட்டுல போயிச் சாப்புடு. இங்க எதுக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிற?”

அடுப்படியில் அம்மா சிரித்துவிட்டாள். நான் அவளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே தெரிந்தது, அவள் அவன் பக்கம்.

பெண் வீட்டுக்குச் சொல்லப் போனவனும் நான்தான். அந்தப் பெண்ணின் அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. “ஏம்ப்பா, எம்மக என்ன சந்தையில நிறுத்துன மாடா? பல்லப் பாத்துட்டு வேணாங்கறீங்க?” என்று கேட்டார். தெருவே பார்த்தது. நான் நின்றுகொண்டே கேட்டேன். என் தம்பியின் ஒற்றை வாழ்வுக்கு விழுந்த முதல் ஏச்சு என் தலையில் விழுந்தது. அந்த நேரம் அவன் கோயிலில் முழந்தாளிட்டுச் செபம் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கும் ஊரில் நல்ல பெயர்.

நான் பொறாமைக்காரன் என்று என் வீட்டில் சொல்கிறார்கள். ஆமாம், பொறாமைதான். யாருக்குத்தான் வராது? அவன் படுத்தால் அடுத்த மூச்சில் தூங்குகிறான். நான் மெத்தையில் புரளுகிறேன். ஆள் வரவில்லை, மணல் வரவில்லை, மருமகன் பேசவில்லை என்று ஒவ்வொன்றாக வந்து தலைமாட்டில் உட்காருகிறது. அவனுக்குச் சர்க்கரை இல்லை. பலாப்பழம், அதிரசம், பண்டிகைப் பாயாசம் எல்லாம் விழுங்குகிறான். நான் கோதுமைக் கஞ்சி குடித்துக்கொண்டு அவன் வாயைப் பார்க்கிறேன். அவன் டவுனுக்கு வந்தால் டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கு எவனும் டீ வாங்கித் தந்ததில்லை. நான்தான் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும். என் களத்தில் வேலை பார்க்கிற பெண்கள் வேதத்தில் சேராதவர்கள். அவர்களும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், “சின்னையா எப்ப வாராரு?” என்று என்னிடமே கேட்கிறார்கள். மருந்து வாங்கப் பணம் கொடுக்கிறவன் பெரியையா. தலையில் கை வைத்துச் செபிக்கிறவன் சின்னையா. பிள்ளைக்குக் குணமானால் பெயர் யாருக்கு?

அவன் செத்தால் கூட்டம் வரும். நான் செத்தால் கார் வரும். இதையும் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் அந்த அறைக்குக் குடிபோன நாள் முதல் மாதா மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் என் லாரியில் போகிறது. குஜிலியம்பாறைப் பக்கம் கல் இறக்கப் போகிற வண்டி, போகிற வழியில் அவன் வாசலில் மூட்டையை வைத்துவிட்டுப் போகும். கொடுத்ததை நான் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

ஒரு திருவிழா. நான் கட்டிய அதே சிற்றாலயம். சாமியார் வரத் தாமதமானதால் இவனைப் பேசச் சொன்னார்கள். நான் பின்னால், நான் வாங்கிக் கொடுத்த டியூப்லைட்டுக்குக் கீழே நின்றேன். இவன் மைக்கைப் பிடித்துத் தன் கதையைச் சொன்னான்.

“பஞ்ச காலத்துல ஒரு தீர்க்கதரிசிக்கு ஆண்டவரு காக்காய விட்டுச் சோறு குடுத்தனுப்புனாரு. எனக்கும் அப்பிடித்தான். கல்யாணங்காட்சி இல்லாம, காணி கரை இல்லாம இத்தன வருசம் இருந்துட்டேன். ஒரு நாளு பட்டினி கெடையாது. யார்கிட்டயும் போயிக் கையேந்துனதும் கெடையாது. எனக்குப் படியளக்கிறவரு அவரு.”

சனங்கள் உருகிவிட்டார்கள். ஒரு கிழவி அழுதாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. காகமா? அந்தக் கதையைக் கேட்கிற எவராவது காகத்தைப் பற்றி யோசித்ததுண்டா? அது எங்கே போய் அப்பத்தைப் பொறுக்கியது? எவன் கல்லால் அடித்தான்? தன் குஞ்சுக்கு வைத்துவிட்டுக் கொண்டுவந்ததா, வைக்காமல் கொண்டுவந்ததா? தீர்க்கதரிசிக்குப் படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. காகம் எத்தனையாவது காகம் என்றுகூட எவருக்கும் தெரியாது.

திரும்பும்போது வண்டியில் இதைச் சொல்லிப் புலம்பினேன். ஓட்டிக்கொண்டு வந்த லாரி டிரைவர், “மொதலாளி, மூட்டைய எறக்குறது நாந்தான? அப்ப நாந்தான காக்கா?” என்றான்.

“டீசல் யாருதுடா?” என்றேன்.

இதற்கு அப்புறம் ஒரு ஞாயிறு, டவுன் கோயிலில் புதிதாக வந்த இளம் சாமியார் பணக்கார வாலிபனைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்று ஆண்டவர் சொன்னதும் துக்கத்தோடு போய்விட்டானே, அவன். ஒட்டகத்தையும் ஊசிக் காதையும் சொன்னார். கல்யாணம் கட்டாதவன் ஆண்டவர் காரியத்தைப் பார்க்கிறான், கட்டியவன் வீட்டுக் காரியத்தைப் பார்க்கிறான் என்பதையும் சேர்த்துக்கொண்டார். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவன் நான். எல்லாம் என் கழுத்தில்தான் வந்து விழுந்தது.

பூசை முடிந்து, அவர் அங்கி கழற்றுகிற அறைக்குப் போய்விட்டேன்.

“சாமி, ஒரு சந்தேகம். அந்தப் பய எல்லாத்தையும் வித்துட்டு வந்துட்டான்னு வச்சுக்குங்க. வீட்டுல அவன் ஆத்தா இருந்திருப்பாள்ல? அவளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

சாமியார் சிரித்தார். “ஆண்டவர் பார்த்துக்குவார் பெரியவரே.”

“ஆண்டவரு பாத்துக்குவாருன்னா யார விட்டுப் பாத்துக்குவாரு? மூத்தவன் ஒருத்தன் இருந்திருப்பான் சாமி. விக்காம, கொள்ளாம, கடையத் தொறந்து வச்சுக்கிட்டு. அவனப் பத்தி ஒங்க பிரசங்கத்துல ஒண்ணும் வரலையே?”

“நல்ல கேள்வி. தியானிக்கணும்,” என்று சொல்லி என் தோளைத் தட்டினார். சாமியார்கள் தோளைத் தட்டினால் பதில் இல்லை என்று அர்த்தம்.

பிறகு கடைசி மகளுக்குப் பிரசவம் சிக்கலானது. தாயும் பிள்ளையும் பிழைத்தால் சூசையப்பர் விருந்து வைக்கிறேன் என்று என் மனைவி நேர்ந்துகொண்டாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மார்ச் மாதம் எங்களுக்கு, இயேசுவை வளர்த்த சூசையப்பரின் மாதம். ஒரு வயதானவர், ஒரு பெண், ஒரு சின்னப் பிள்ளை என மூன்று இல்லாதப்பட்டவர்களை வீட்டுக்கு அழைக்க வேண்டும். அவர்கள்தான் அன்றைக்குச் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு. வீட்டுத் தலைவன் குனிந்து அவர்கள் காலைக் கழுவித் துடைக்க வேண்டும். புதுத்துணி கொடுத்து, இலை போட வேண்டும். சூசையப்பராக வந்தவர் வீட்டை ஆசீர்வதித்துச் செபம் சொல்வார். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர் வாயில் சோறு படலாம்.

ஆண்டவர் புண்ணியத்தில் மகளும் பேரனும் பிழைத்தார்கள். “சூசையப்பருக்கு யாரக் கூப்புடுறது?” என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

“இதக் கேக்கணுமா? நம்ம தம்பிதான்,” என்றாள் என் மனைவி.

“அவனா? சூசையப்பரு யாரு தெரியுமா? தச்சரு. கை காச்சுப் போக ஒழைச்சவரு. பொண்டாட்டி புள்ளையக் கூட்டிக்கிட்டு எகிப்து வரைக்கும் போயிக் காப்பாத்துனவரு. குடும்பஸ்தன். கல்யாணமே கட்டாதவன அந்த எடத்துல எப்பிடி உக்கார வைப்ப?”

“கல்யாணங்கட்டியும் கன்னியா இருந்தவருங்க அவரு. நீங்க இருந்தீகளா?”

மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

“நம்ம வாட்ச்மேன் பெரியவரு இருக்காருல்ல, அவரக் கூப்புடு.”

“சாயங்காலமானா தண்ணியப் போட்டுட்டுக் கேட்டுக்கு வெளிய படுக்குற சூசையப்பரு. நல்லாருக்கும்.”

அதோடு முடிந்தது. என் வீட்டில், என் கையால், என் தம்பி காலைக் கழுவ வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். சூசையப்பராக உட்காருகிறவன் வீட்டை ஆசீர்வதிக்க வேண்டும். வீடு என்றால் முதலில் யார்? கட்டியவன்தானே? அன்றைக்காவது, சனங்களுக்கு முன்னால், அவன் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு சொல் வந்தே ஆக வேண்டும். காலைக் கழுவுவதற்கு அதுதான் கூலி.

தவக்காலம் என்பதால் கவிச்சி கிடையாது. திண்டுக்கல்லில் பிரியாணி இல்லாமல் ஒரு விருந்து வைத்து ஆட்களை வரவழைப்பது லேசில்லை. இருந்தாலும் பந்தல் நிறைந்துவிட்டது. எதற்கு? சின்னையா வருகிறார் என்று. அவன் மொபெட் மக்கர் பண்ணி, பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் ஒரு துணிப் பை. அதில் என் மனைவிக்கு முருங்கைக்காய். நான் வாங்கிக் குவித்த காய்கறி அடுக்களையில் மலையாகக் கிடக்கிறது. அவள் அந்த முருங்கைக்காயைத்தான் எல்லாரிடமும் காட்டினாள்.

மூன்று நாற்காலி போட்டிருந்தது. களத்தில் வேலை பார்க்கிற ஒரு கைம்பெண் மாதாவாகவும், அவள் பேத்தி குழந்தையாகவும் உட்கார்ந்துவிட்டார்கள். இவன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான், உட்காரவில்லை.

“அண்ணே, இதுல நீதான் உக்காரணும். இம்புட்டுப் பேருக்குச் சோறு போடுறவன் நீ. நான் ஒங்காலக் கழுவுறேன்.”

“ஆத்தாடி, என்ன மனசு பாத்தியா!” என்றாள் பக்கத்து வீட்டு அம்மா.

“தாழ்ச்சின்னா இதாம்ப்பா தாழ்ச்சி,” என்றார் பங்குப் பேரவைக்காரர் ஒருவர்.

பாருங்கள். நாற்காலி என்னுடையது, பந்தல் என்னுடையது. உட்காரச் சொன்னதில் அவனுக்குப் பெயர். உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன பெயர் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“வீட்டுக்காரன் உக்காரக் கூடாது. பேசாம உக்காருடா,” என்று தோளைப் பிடித்து அமுக்கினேன்.

முட்டி வலியோடு பலகையில் குந்தினேன். அவன் காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். பித்த வெடிப்பு, கறுத்த கட்டை விரல் நகம், சின்ன வயதில் காட்டில் முள் ஏறிய தழும்பு. அன்றைக்கு அந்த முள்ளைப் பிடுங்கிவிட்டு அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். சர்க்கரை உள்ளவன் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் பாதத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அவன் காலில் வெடிப்பு இருந்தது, புண் இல்லை. என் காலில் செருப்புக்குள் கட்டு இருந்தது. கழுவிக்கொண்டே பொறாமைப்பட்டேன்.

“தண்ணி சுடுதா?”

“இல்லண்ணே. எதமா இருக்கு.”

துண்டால் துடைத்தேன். அவன் கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினான். மதினிக்காக வேண்டினான். மகளுக்காக, புதுப் பேரனுக்காக, வெளிநாட்டில் இருக்கிற என் மகன்களுக்காக, மருமகனுக்காக வேண்டினான். சமைத்த பெண்களுக்காக, களத்தில் கல் அடிக்கிறவர்களுக்காக, வாட்ச்மேன் பெரியவருக்காக வேண்டினான். ரோட்டில் போகிற லாரிகள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்றான். கடைசியாகப் போட்ட போரில் தண்ணீர் வற்றக் கூடாது என்றான். நான் ஈரத் துண்டோடு கீழே குந்திக் காத்திருந்தேன். அவன் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை வரைந்து முடிக்கப் போனான்.

“இந்தா, என்னைய விட்டுட்டியே,” என்றேன்.

இலை போட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எல்லாருக்கும் வேண்டுன. லாரி டயருக்குக்கூட வேண்டுன. நான் எங்கடா?”

“விடுங்க, சாப்புடுற நேரத்துல,” என்றாள் என் மனைவி.

“விட மாட்டேன். கோயில்ல மைக்கப் புடிச்சா காக்கான்னு சொல்லுறான். வீட்டுல அந்தக் காக்காகூட இல்ல.”

அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். சிரிக்கவில்லை.

“அண்ணே, ஒன்னயத் தனியா வச்சு எனக்கு வேண்டத் தெரியாதுண்ணே. எனக்குன்னு கண்ண மூடுனா ஒன்னயும் சேத்துத்தான் மூடுறேன். ஒரே தட்டுல தின்னவங்கதான நாம? எங்கையி வேற, ஒங்கையி வேறன்னு நெனப்பு வந்ததே இல்லையேண்ணே.”

அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மா மூக்கைச் சிந்தினாள். பேரவைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி எம்புட்டு அழகாச் சொல்லிருச்சு!” என்றாள் என் மனைவி. அழகாகத்தான் சொன்னான். என் நெஞ்சும் ஒரு நிமிடம் இளகியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டவன் நான், குந்தியிருந்தவன் நான், பெயர் மறுபடியும் அவனுக்கே போனது. பிறகு இலை போட்டார்கள். அவன் பாயாசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தான். ஊற்றியவன் நான்.

அன்றிலிருந்து இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சேர்த்துத்தான் வேண்டுகிறேன் என்கிறான். சேர்ந்த இடத்தில் எப்போதும் ஒருவன் முகம்தான் தெரிகிறது. எனக்குப் படிப்பில்லை, ஆனால் ஒன்று தெரியும். ஒற்றையாளாக வாழ்கிறேன் என்று ஒருவன் தனியாகச் சொல்லிவிட முடியாது. அவன் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்ற ஒருவன் வேண்டும். தங்கச்சிகளைக் கரையேற்ற ஒருவன் வேண்டும். வேண்டாம் என்று விட்ட பெண்ணின் வீட்டில் போய்த் தலைகுனிந்து நிற்க ஒருவன் வேண்டும். அவனுடைய ஏழ்மை மாதா மாதம் என் லாரியில் ஏறித்தான் போய்ச் சேர்ந்தது. அவன் ஆண்டவர் காரியத்தைப் பார்த்தான் என்றால், அவன் பார்க்க வேண்டிய வீட்டுக் காரியத்தையும் சேர்த்து நான் பார்த்தேன். அது யார் காரியம்?

ஒட்டகம் ஊசிக் காதில் நுழையாது என்கிறார்கள். சரி, நான் மறுக்கவில்லை. காகம் நுழையுமா என்று எவரும் கேட்கவில்லை. காகம் சின்னது. கொத்தி வந்ததை வைத்துவிட்டால் அதன் வாயில் ஒன்றும் இருக்காது.

ஆகவே தம்பிக்குச் சொல்கிறேன். வருகிற திருவிழாவில் நீ மைக்கைப் பிடித்து உன் கதையைச் சொல்லும்போது, காகம் வரைக்கும் வந்து நிறுத்தாதே. அந்தக் காகம் எங்கள் அண்ணன், கரூர் சாலையில் கம்பெனி வைத்திருக்கிறார், பின்னால் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கிறார் என்று சொல். சனங்கள் திரும்பிப் பார்க்கட்டும். ஆண்டவருக்கும் இதைத்தான் சொல்கிறேன். அவன் வந்து உமக்கு முன்னால் நிற்கும்போது தருவதை அவனுக்குத் தாரும், அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் அவனைக் காத்தது யார் என்று கேட்டால் நீர் மட்டும் என்று சொல்லிவிடாதேயும். என் பங்கை அவனோடு சேர்க்காமல், என் பெயரில் தனியாக எழுதும்.